பதற்ற நோயும் பீதித் தாக்குதலும்: ஆண்களும் பெண்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதற்றம் எல்லோருக்கும் வருவதுதானே, அதை எப்போது நோய் என்று சொல்வது?

நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவில் தூக்கம் வராமல் புரள்வதும், பிள்ளை வீடு திரும்பத் தாமதமானால் வயிற்றில் புளியைக் கரைப்பதும் நோயல்ல. ஆபத்துக்கு முன்கூட்டியே உடலைத் தயார்ப்படுத்தும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு அறவே இல்லாதவர் ஒரு சாலையைக்கூடப் பத்திரமாகக் கடக்க முடியாது. காரணத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பதற்றம் பெரிதாக இருக்கிறதா, காரணம் நீங்கிய பிறகும் நீடிக்கிறதா, வேலையிலும் உறவிலும் உறக்கத்திலும் கை வைக்கிறதா என்பவற்றைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பொதுவான பதற்ற நோய் உள்ளவருக்கு ஒரு கவலை தீர்ந்ததும் அடுத்தது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உடல்நலம், பணம், பிள்ளைகளின் எதிர்காலம், நேற்று யாரிடமோ பேசிய ஒரு சொல் என்று கவலைப்படும் பொருள் மாறிக்கொண்டே இருக்கும், கவலை மட்டும் மாறாது. இந்த நிலை 6 மாதங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, அத்துடன் எரிச்சல், தசை இறுக்கம், கவனம் சிதறுதல், எளிதில் களைத்துப்போதல், இருப்புக்கொள்ளாமை, தூக்கக் குறைவு ஆகியவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்திருந்தால் அதை நோயாகக் கருதுகிறார்கள். இது அரிதான நோயன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30.1 கோடிப் பேர் ஏதேனும் ஒரு வகைப் பதற்ற நோயுடன் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பீதித் தாக்குதல் என்பது என்ன? அப்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

பேச்சு வழக்கில் பேனிக் அட்டாக் என்று சொல்லப்படுவது இதுதான். முன்னறிவிப்பின்றி எழும்பி, சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும் கடுமையான அச்ச அலை என்று இதைச் சொல்லலாம்.

மருந்துக் கடை வரிசையில் நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். திடீரென்று இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டதுபோல் தோன்றுகிறது. "இது என்ன?" என்று அவருடைய கவனம் நெஞ்சுக்குள் திரும்புகிறது. அடுத்த கணம் துடிப்பு வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்த்து மருந்துச் சீட்டு நனைகிறது, காற்று போதவில்லை என்று மூச்சை ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறார். சற்று நேரத்தில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்கிறது. கடையின் விளக்குகள் எங்கோ தொலைவில் எரிவதுபோல் தெரிகின்றன. "செத்துவிடுவேன்" என்ற எண்ணம் வந்ததும் வரிசையை விட்டு வெளியே ஓடுகிறார்.

இதில் மாயம் ஏதுமில்லை. மூளை அபாய மணியை அடித்ததும் சிறுநீரகங்களின் மேலிருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை விடுவிக்கின்றன. அதனால்தான் துடிப்பு வேகமெடுக்கிறது, வியர்க்கிறது, கை கால் உதறுகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. இரத்தம் காரத்தன்மை பெற்று, அதில் தனித்து உலவும் கால்சியத்தின் அளவு குறைவதால் விரல்கள் மரத்து, சிலருக்கு மடங்கி இறுகியும் போகின்றன. காற்று போதவில்லை என்று அவர் நினைத்த அந்த நேரத்தில் உண்மையில் காற்று அளவுக்கு மிஞ்சியே உள்ளே சென்றுகொண்டிருந்தது.

உடலில் தோன்றும் தீங்கற்ற ஓர் உணர்வை உயிராபத்தின் அறிகுறியாகப் பொருள்கொள்வதே பீதியின் எரிபொருள் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். உணர்வு அச்சத்தைத் தருகிறது, அச்சம் அந்த உணர்வை மேலும் பெரிதாக்குகிறது, பெரிதான உணர்வு அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருண்டு கிடப்பது வெளியிடமன்று, சொந்த உடல்.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானா?

இல்லை. இந்தக் கேள்வியை நோயாளியைவிட அவருடைய வீட்டார்தான் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஆலோசனை அறையின் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு. துடிப்பு, வியர்வை, மூச்சின் வேகம் எல்லாம் கருவியால் அளக்கத்தக்கவை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. மூளையில் அச்சத்தின் இருப்பிடமாகக் கருதப்படும் அமிக்டலா இருபுறமும் சிதைந்துபோன மூன்று பேர், அவர்களுள் ஒருவர் பாம்பைக் கண்டும் அஞ்சாதவர், 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒருமுறை சுவாசித்ததும் பீதிக்குள்ளானார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்தை அறியும் பாதை வேறு, உடலுக்குள்ளிருந்து எழும் அபாய மணியின் பாதை வேறு என்பதை அது காட்டியது. "தைரியமாக இரு" என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கிறது.

ஒரே ஒருமுறை தாக்குதல் வந்தது. எனக்குப் பீதி நோய் வந்துவிட்டதா?

அப்படிச் சொல்ல முடியாது. வாழ்நாளில் ஓரிரு முறை பீதித் தாக்குதல் வந்து, பிறகு திரும்பிப் பார்க்காதவர்கள் ஏராளம். எதிர்பாராத தாக்குதல்கள் மீண்டும் மீண்டும் வந்து, அவற்றுக்குப் பின் ஒரு மாதமாவது "அடுத்தது எப்போது?" என்ற அச்சத்திலேயே நாட்கள் கழிந்தால், அல்லது அந்த அச்சத்தால் பழக்கவழக்கங்களை மாற்றிக்கொண்டால், அப்போதுதான் பீதி நோய் என்று கூறுவார்கள். இந்தப் பெயர் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல்தான்.

மாரடைப்பா, பீதியா என்று எப்படிப் பிரித்தறிவது?

முதல்முறை வரும் நெஞ்சுவலியை வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முயலக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். போய் இசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அது வீண் அலைச்சலன்று.

இருந்தாலும் பொதுவான சில வேறுபாடுகள் உண்டு. இதய வலி பலருக்கு உழைப்பின்போது, மாடி ஏறும்போது தொடங்கி, நெஞ்சில் பாறையை வைத்து அழுத்துவதுபோல் இருந்து, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவக்கூடும். நேரம் செல்லச் செல்லக் குறைவதில்லை. பீதியில் வரும் வலி ஓய்வாக இருக்கும்போதும் வரலாம், குத்துவதுபோல் ஓரிடத்தில் இருக்கும், பத்து நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும்.

ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே நம்பிப் பெண்கள் ஏமாறக்கூடும். நெஞ்சுவலிதான் பெண்களுக்கும் மாரடைப்பின் முதன்மை அறிகுறி என்றாலும், அதனுடன் மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, காரணமற்ற கடும் சோர்வு ஆகியவை ஆண்களைவிட அதிகமாகத் தோன்றுகின்றன. சில வேளைகளில் நெஞ்சுவலி பின்னணிக்குப் போய் இவையே முன்னால் நிற்கின்றன. இவற்றைக் கேட்டவுடன் "டென்ஷனாக இருக்கும்" என்று அனுப்பிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆணிடம் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது: இதயப் பரிசோதனை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற சீட்டுடன் அவர் வீடு திரும்புகிறார், பீதியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனவே பெண் நோயாளி "இதயத்தைப் பார்த்துவிட்டீர்களா?" என்றும், ஆண் நோயாளி "இதயம் சரியென்றால் இது பீதியாக இருக்குமா?" என்றும் தாமாகவே கேட்டுவிடுவது நல்லது.

பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்பது உண்மையா?

உண்மைதான். பொதுவான பதற்ற நோயும் பீதி நோயும் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகின்றன. சமூகப் பதற்றத்தில், அதாவது பிறர் முன் பேசவும் உண்ணவும் பழகவும் அஞ்சும் நிலையில், இந்த இடைவெளி குறைவு.

காரணம் ஒன்றல்ல. இயக்குநீர்களின் ஏற்ற இறக்கம், மரபணு, சிறுவயதில் பட்ட காயங்கள், பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு, பிறரைப் பராமரிக்கும் பொறுப்பு தோளிலேயே இருப்பது எனப் பல சேர்ந்து வருகின்றன. பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவருக்குப் பீதி நோய் இருந்தால் ஆணானாலும் பெண்ணானாலும் வாய்ப்பு கூடுகிறது. இவற்றுடன், எண்ணிக்கையின் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பெண் "பயமாக இருக்கிறது" என்று சொல்லி மருத்துவரிடம் வருகிறார், ஆண் சொல்லாமல் வேறு வாசல் வழியாக வருகிறார். அதனால் இரு மடங்கு என்ற கணக்கில் ஒரு பகுதி சொல்லப்படாத ஆண்களின் கணக்காகவும் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மாதவிடாய், கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றுக்கும் பீதிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. புரோஜெஸ்டிரான் என்ற இயக்குநீர் உடலில் சிதையும்போது உருவாகும் ஒரு பொருள், மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள் மீது செயல்படுகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அந்த இயக்குநீர் சரியும்போது சில பெண்களுக்குப் பதற்றம் கூடுகிறது. அதே புரோஜெஸ்டிரான் மூச்சையும் தூண்டக்கூடியது. கர்ப்ப காலத்தில் படிக்கட்டு ஏறாமலேயே மூச்சு வாங்குவதுபோல் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த உணர்வை ஏற்கெனவே பீதி நோய் உள்ளவர் ஆபத்தாகப் படித்துவிடுவது எளிது. இரண்டு மூன்று மாதங்களுக்கு நாட்காட்டியில் தாக்குதல் வந்த நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் குறித்துவந்தால் தொடர்பு இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பிரசவத்துக்குப் பின் இயக்குநீர்கள் சில நாட்களிலேயே செங்குத்தாக இறங்குகின்றன. தூக்கமும் உடைகிறது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவில் பத்து முறை எழுந்து பார்ப்பது, குழந்தைக்கு ஏதோ நேர்ந்துவிட்டதுபோல் காட்சிகள் மனத்தில் தாமாகவே ஓடுவது ஆகியவை பிரசவத்துக்குப் பிந்தைய பதற்றத்தின் அடையாளங்கள். மனச்சோர்வைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசப்படுவதில்லை. இந்தக் காலத்தில் தைராய்டு அழற்சி வரவும் வாய்ப்பிருப்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் தேவை.

மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் வெப்ப அலையும் பீதியும் உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும்: படபடப்பு, வியர்வை, திடீரென எழும் அமைதியின்மை. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று சூடு ஏறி, பின் குளிர்ந்து அடங்கினால் அது பெரும்பாலும் வெப்ப அலை. சாவு பயம் முன்னால் வந்து நின்றால் பீதி. இரண்டும் ஒருவருக்கே வருவதுண்டு.

ஆண்களிடம் இது எப்படி வெளிப்படுகிறது?

உள்ளே நடப்பது ஒன்றுதான்; மருந்துக் கடை வரிசையில் ஓடிய அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்று மேலே நான் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வெளியே தெரியும் முகம்தான் வேறு. ஆணின் பதற்றம் பெரும்பாலும் சிடுசிடுப்பாக, வண்டி ஓட்டும்போது கத்தலாக, இரவு பதினொரு மணிக்கும் மடிக்கணினியை மூடாத உழைப்பாக, கழுத்து வலியாக, வயிற்று உபாதையாக, மாலை தவறாத மதுவாக வெளிவருகிறது. வீட்டார் பார்ப்பது கோபக்காரரை. உள்ளே இருப்பவர் பயந்து கிடக்கிறார்.

இதன் வரலாறும் சுவையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியுமாக வந்த வீரர்களை ஆராய்ந்து ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதியபோது, நோய்க்கு அவர் வைத்த பெயர் எரிச்சலுற்ற இதயம். முதலாம் உலகப் போரில் அதுவே படைவீரனின் இதயம் என்றும் உழைப்பு நோய்க்குறி என்றும் அழைக்கப்பட்டது. அதே காலத்தில் இதே அறிகுறிகளோடு வந்த பெண்களுக்கு நரம்புத் தளர்ச்சி, ஹிஸ்டீரியா என்று சீட்டு எழுதினார்கள். ஆணுக்கு இதயத்தில் நோய், பெண்ணுக்கு மனத்தில் நோய் என்ற அந்தப் பழைய பிரிவினை இன்றும் ஆலோசனை அறைகளில் உயிரோடுதான் இருக்கிறது; மேலே மாரடைப்பைப் பற்றிச் சொன்ன இரு தவறுகளும் அதன் வாரிசுகள்.

ஆண்கள் உதவி நாடத் தாமதிப்பதன் விலை சிறியதன்று. உலகளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களின் விகிதத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். பதற்றத்துடன் மனச்சோர்வும் மதுவும் சேரும்போது அபாயம் கூடுகிறது. "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது" என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அதை அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருத்துவமனையின் அவசரப் பிரிவும் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி உதவியும் அதற்காகவே இருக்கின்றன.

என்னென்ன பரிசோதனைகள் தேவை?

பதற்றத்தைப்போலவே வேடமிடும் உடல் நோய்களை விலக்குவதற்குச் சில போதும்: இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம். தைராய்டு மிகையாகச் சுரப்பதும் இரும்புச்சத்துக் குறைபாடும் பெண்களிடம் அதிகம் என்பதால் அவர்களுக்கு இவற்றைத் தவறவிடக் கூடாது. ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால், சில ஸ்டீராய்டு மாத்திரைகள், மூக்கடைப்பு மருந்துகள் ஆகியவையும் படபடப்பைத் தரும் என்பதால் உட்கொள்ளும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திடீர்த் தலைவலி, பெருவியர்வை, இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அட்ரினல் சுரப்பியில் தோன்றும் அரிய கட்டி ஒன்றையும் தேடிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை முறையாகப் பரிசோதித்து எல்லாம் சரி என்றான பிறகு, அதே பரிசோதனைகளை மாதந்தோறும் எடுப்பது உதவாது. அறிக்கை தரும் நிம்மதி சில நாட்கள்தான் தாங்கும். பிறகு மனம் இன்னோர் அறிக்கை கேட்கும்.

தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுகிறேன். அதுவும் பீதியா?

இருக்கலாம். தூக்கத்தில் வரும் பீதி கனவு காணும் கட்டத்தில் வருவதில்லை. ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கும் நேரத்தில் வருகிறது. அதனால்தான் எழுந்தவருக்கு எந்தக் கெட்ட கனவும் நினைவில் இருப்பதில்லை. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் உறக்க மூச்சுத்தடையைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

தாக்குதலின்போது மயங்கி விழுந்துவிடுவேனா? பைத்தியம் பிடித்துவிடுமா?

மயக்கம் வர இரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும்; பீதியில் அது ஏறுகிறது. எனவே மயங்குவதுபோல் தோன்றும், மயங்குவது மிக அரிது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டு அஞ்சுபவர்கள் மட்டும் விதிவிலக்கு: அவர்களுக்குத் துடிப்பு முதலில் ஏறிப் பின் சரிந்து உண்மையாகவே மயக்கம் வரும். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடிகள் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அவர்களுக்கு உதவும்.

பைத்தியம் பிடிக்காது. சுற்றியிருப்பவை பொய்போலத் தோன்றுவதும், தன்னையே வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இருப்பதும் பீதியின் அறிகுறிகள்தான். அலை வடிந்ததும் அவையும் வடிந்துவிடும்.

தாக்குதல் வந்த இடங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன். அது நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மருந்துக் கடையிலிருந்து ஓடியவர் வெளியே வந்ததும் அலை வடிந்தது. ஓடாமல் நின்றிருந்தாலும் அது வடிந்திருக்கும். ஆனால் "ஓடியதால் பிழைத்தேன்" என்றே மூளை பதிவு செய்துகொள்கிறது. அடுத்த முறை அந்தக் கடைக்குப் போவதில்லை. பிறகு எந்த வரிசையிலும் நிற்பதில்லை. பிறகு பேருந்து, மின்தூக்கி, திரையரங்கு. துணையில்லாமல் தெருமுனைக்குப் போவதுகூட முடியாமல் போகும்போது அதற்கு அகோராஃபோபியா என்று பெயர். 1871இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால் இந்தப் பெயரை வைத்தார்.

தவிர்ப்பதற்கு நுட்பமான வடிவங்களும் உண்டு. எப்போதும் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்திருப்பது, கதவுக்கு அருகிலேயே உட்காருவது, சட்டைப் பையில் மாத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டே இருப்பது. பெண்கள் பலர் "யாராவது கூட வந்தால் போகிறேன்" என்கிறார்கள், அதைக் குடும்பமும் இயல்பாக எடுத்துக்கொள்வதால் நோய் வெளியே தெரியாமல் வளர்கிறது. ஆண்கள் பலர் "வேலை இருக்கிறது" என்று விழாக்களையும் பயணங்களையும் தட்டிக்கழிக்கிறார்கள். அதையும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மருந்தில்லாத சிகிச்சை எது? அதில் என்ன செய்வார்கள்?

அறிதிறன் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வாரம் ஒருமுறை வீதம் பொதுவாகப் பன்னிரண்டு அமர்வுகள் அளவில் நடக்கும். வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைத்துப் போகிறவர்கள் வியந்துபோவார்கள். சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றவிடுவார்கள். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்வார்கள். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். தலைசுற்றலும் மூச்சுத்திணறலும் படபடப்பும் வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டு, அவை வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடல் தானே கற்றுக்கொள்கிறது. இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. அதன் பிறகு, தவிர்த்துவந்த இடங்களுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்லும் பயிற்சி தொடங்கும்: முதல் நாள் கடை வாசல்வரை, பிறகு உள்ளே ஐந்து நிமிடம், பிறகு வரிசையில் கடைசி ஆளாக, பாட்டில் இல்லாமல்.

மருந்துகள் பழக்கமாகிவிடுமா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்றவை முதல் வரிசை மருந்துகள். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. என்றாலும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் போன்ற தொல்லைகள் வரும் என்பதால் படிப்படியாகவே குறைக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முதல் ஓரிரு வாரங்களில் பதற்றம் சற்றுக் கூடுவதுபோல் தோன்றுவதுண்டு, அதனால்தான் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் பலர். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடரச் சொல்வது வழக்கம்.

பாலியல் நாட்டம் குறைவதும் உச்சநிலை தாமதமாவதும் இவற்றின் பக்கவிளைவுகளில் அடங்கும். ஆண்கள் பலர் இதை மருத்துவரிடம் சொல்லாமலேயே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பெண்களிடம் இதை மருத்துவர் கேட்பதே இல்லை. அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியிருக்கிறது, எனவே கூச்சப்பட இடமில்லை. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக நிறுத்தாமல் மருத்துவருடன் பேசி முடிவெடுக்க வேண்டும்; பராக்ஸெட்டின் போன்ற சிலவற்றை அப்போது தவிர்க்க முயல்வார்கள்.

அல்பிரசோலம், குளோனசெபாம் ஆகியவற்றின் கதை வேறு. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் அமைதி தரும். அதுவே அவற்றின் வசதி, அதுவே அவற்றின் வலை. தினமும் சில வாரங்கள் எடுத்தாலே உடல் அவற்றுக்குப் பழகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மதுவுடன் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் தொடர்வது ஆபத்து.

ஒரு வரலாற்றுத் துணுக்கு: 1960 வாக்கில் டொனால்ட் கிளைன் என்ற அமெரிக்க மருத்துவர் தம் நோயாளிகளுக்கு இமிபிரமின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார். சில வாரங்களுக்குப் பிறகும் "ஒரு மாற்றமும் இல்லை" என்றே நோயாளிகள் சொன்னார்கள். சாகப்போகிறோம் என்று செவிலியர் மேசையை நோக்கி ஓடிவருவது நின்றுபோனதைக் கவனித்தவர்கள் செவிலியர்கள்தாம். முன்னேற்றத்தை நோயாளியே கடைசியாக உணர்வது இன்றும் நடக்கிறது.

தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது என்ன செய்யலாம்?

இது பீதி என்று மருத்துவர் முன்பே உறுதிசெய்திருந்தால், இருக்கும் இடத்திலேயே இருங்கள். மூச்சை ஆழமாக இழுக்க முயலாதீர்கள். வெளிவிடும் மூச்சை நீட்டுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. காகிதப் பையில் முகத்தை வைத்து மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். அது இதயநோயாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்துவிட்டால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்து. "இதை நிறுத்தியாக வேண்டும்" என்று அலையோடு மல்லுக்கட்டுவதைவிட, "வந்திருக்கிறாய், பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போ" என்று விட்டுவிடுவது விரைவில் அடக்கும்.

அருகில் இருப்பவர் சத்தமாக அதட்டுவதும், நாலு பேரைக் கூட்டுவதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில், மெதுவாக மூச்சு விட்டுக் காட்டினால் போதும்.

காபி, புகை, மது ஆகியவற்றை விட வேண்டுமா?

காஃபீன் படபடப்பைக் கிளறும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகப் பாதுகாப்பானது என்பார்கள். பீதி நோய் உள்ளவர்கள் சிலருக்கு அதைவிடக் குறைந்த அளவே தாக்குதலைத் தூண்டிவிடக்கூடும். சட்டென நிறுத்தினால் தலைவலி வரும், குறைத்துக்கொண்டே வாருங்கள். நிகோட்டின் தணிப்பதுபோல் தோன்றுவது, முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பைத்தான். மதுவும் அப்படியே: மாலையில் அமைதி, அதிகாலையில் வட்டியும் முதலுமாகத் திரும்பிவரும் பதற்றம். பல ஆண்டுகள் நிறையக் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தக் கூடாது.

முழுமையாகக் குணமாகுமா?

பெரும்பாலானோர் நன்றாகத் தேறுகிறார்கள். சிலருக்குத் தூக்கம் கெட்ட, சுமை கூடிய காலங்களில் மீண்டும் எட்டிப் பார்க்கும். அப்போது தாக்குதலே வராமல் இருப்பதைவிட, வந்தாலும் மருந்துக் கடை வரிசையில் நின்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வர முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்வது? அங்கே போனால் பேச்சே வருவதில்லை.

எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாள் போதும். கடைசியாக வந்த தாக்குதலை நிமிட வாரியாக எழுதுங்கள்: எங்கே இருந்தீர்கள், முதலில் உணர்ந்தது எது, என்ன நடக்கும் என்று அஞ்சினீர்கள், எப்படி முடிந்தது. அதன் பின் எதையெல்லாம் செய்வதை விட்டுவிட்டீர்கள் என்று எழுதுங்கள். மருந்துகள், காபி, மது ஆகியவற்றின் உண்மையான அளவு, குறைத்துச் சொல்லாமல். பெண்கள் கடைசி மாதவிடாய் நாளையும் கருத்தடை மாத்திரை விவரத்தையும் சேர்க்கலாம். மருத்துவர் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விகள் கொண்ட படிவத்தைத் தரக்கூடும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய அதில் மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்ப்பார்கள். வாய் திறக்க முடியாவிட்டால் தாளை அப்படியே மேசையில் வைத்துவிடுங்கள், மருத்துவர் படித்துக்கொள்வார்.